குண்டுக்கல்லில் விளிம்பு தேடிய மூன்று ஞாயிறு

கற்கால மனிதர்போல் கல்லைத் தட்டிச் சில்லு பெயர்த்து, கூரான விளிம்புள்ள கருவி செய்து பார்க்க ஆசை. பர்கூர் பக்கம் நண்பர் வீட்டுக் கொல்லையில் கிணறு தோண்டியபோது வந்த கல் ஒன்றைக் கேட்டு வாங்கி, டிவிஎஸ் வண்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். பூசணிக்காய் அளவு, பதினாறு கிலோ. வெளியே துருநிறத் தோல், உள்ளே கருப்பு. வியாபாரத்தில் கருப்பு கிரானைட் என்று விற்கிற டோலரைட் இதுதான். நம் பக்கத்தில் சக்கிமுக்கிக் கல் கிடைக்காது. சாதாரண கிரானைட்டோ பருமணி. அடித்தால் மணிமணியாக உதிரும். வெங்கச்சாங்கல்லில் (குவார்ட்ஸ்) முன்பே முயன்றேன், சர்க்கரைக் கட்டிபோல் கண்டபடி உடைகிறது. மணி நுணுக்கமான டோலரைட்தான் எனக்குச் சரிப்பட்டது. புதிய கற்காலத்தில் இங்கிருந்தவர்கள் கற்கோடரி செய்ததும் பெரும்பாலும் இப்படிப்பட்ட கருங்கல்லில்தான். அவர்கள் சில்லு பெயர்த்ததோடு விடாமல், கொத்தித் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். நான் இன்னும் முதல் படியிலேயே நிற்கிறேன்.

முதல் ஞாயிறு முழுக்க வீண். எட்டு பவுண்டு சம்மட்டியால் கல்லின் நடுமண்டையில் போட்டதில் வெள்ளை வெள்ளையாகத் தழும்பு விழுந்தது, அவ்வளவுதான். "கூலிக்குப் போய் உடைச்சாலாவது காசு வரும்" என்றாள் வீட்டுக்காரி.

மறுவாரம் குவாரியில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். சின்னச் சுத்தியலால் கல்லைச் சுற்றித் தட்டினார். கணீரென்று ஒலித்த பக்கத்தைத் திருப்பி வைத்து, "மொத்துனு கேக்குற எடத்துல உள்ளுக்குள்ள விரிசல் இருக்கும் தம்பி, அங்க போனா தூளாகிடும்" என்றார். அப்புறம் சொன்னதுதான் விஷயம்: உருண்டைக்கு விளிம்பு கிடையாது, முதலில் ஒரு தட்டைமுகம் உண்டாக்கு. கல்லை இன்னொரு கல்லின் மேல் அசையாமல் வைத்து, கூராக நீட்டிய முனையில் ஓங்கிப் போட்டோம். நான்காம் அடியில் இரண்டாகப் பிளந்தது.

மூன்றாம் ஞாயிறு சம்மட்டியைத் தொடவில்லை. அதன் அடி உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல்களை விட்டுவிடுகிறது. முதலில் வந்த இரண்டு சில்லுகள் கையிலேயே முறிந்தன. பிளந்த முகமும் வெளி வளைவும் தொண்ணூறு பாகைக்குள் சேருகிற இடமாகத் தேடினேன். பாதிக்கல்லைத் தொடையில் சாக்கு போட்டு வைத்துக்கொண்டு, தென்பெண்ணையில் பொறுக்கிய ஒரு கிலோ கூழாங்கல்லால் தட்டைமுகத்தில், விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே அடித்தேன். அடியின் விசை கூம்பு மாதிரி விரிந்து இறங்குகிறது. விளிம்பை மட்டும் அடித்தால் நொறுங்கும், ரொம்ப உள்ளே தள்ளினால் கல் அசையாது. உள்ளங்கை அகலச் சில்லு ஒன்று 'டிக்' என்று சாக்கில் விழுந்தது. அதன் உட்புறம், அடிபட்ட இடத்துக்குக் கீழே, சின்னப் புடைப்பு. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த அடியை அந்தச் சில்லு விட்டுப்போன வரப்பின் நேராக வைத்தேன். வரப்பு வழியே நீளமாக ஓடியது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் விளிம்பைக் கரட்டுக்கல்லால் தேய்த்தேன். சோம்பலில் தேய்க்காமல் அடித்த இரண்டு தடவையும் சில்லு பாதியில் படிக்கட்டாக முறிந்தது. மொத்தம் இருபத்துமூன்று அடி, உருப்படியான சில்லு ஒன்பது. கண்ணாடி போட்டிருந்தேன், முகக்கவசமும். கல்தூசு நுரையீரலுக்கு ஆகாது. கையுறை போடாததற்குக் கட்டைவிரலில் பிளாஸ்திரி.

கழிவுச் சில்லுகளைக் காட்டில் கொட்டவில்லை. மயிலாடும்பாறை போன்ற, அகழாய்வு நடந்த பழைய இடங்கள் உள்ள மாவட்டம், என் குப்பை பின்னால் தோண்டிப் பார்க்கிற யாரையும் குழப்பக்கூடாது. கொய்யா மரத்தடியில் குழிதோண்டி, இந்தக் காலத்துக் குப்பை என்று தெரிய மேலே ஒரு புது இரண்டு ரூபாய்க் காசைப் போட்டு மூடியிருக்கிறேன்.