கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். 2023 ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து வந்து தபால் பெட்டியைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் பெயருக்கு ஒரு கடிதம் இருந்தது. ஒரு துணிக்கடையின் கணக்குப் பிரிவிலிருந்து வந்தது. மூன்று மாதத் தவணை கட்டவில்லை, மொத்தப் பாக்கி 11,200 ராண்ட், பதில் இல்லையென்றால் வழக்கு என்று எழுதியிருந்தார்கள். தேசியக் கடன் சட்டம், 129ஆம் பிரிவு என்று மேலே தடித்த எழுத்தில் இருந்தது. அந்தக் கடையில் எங்களுக்குக் கணக்கு இருப்பதே எனக்குத் தெரியாது.

கேட் பக்கத்திலேயே நின்று இரண்டு தடவை படித்தேன். உள்ளே போய் அரிசி களைந்து வைத்தேன். பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தேன். அவள் தூங்கின பிறகுதான் கடிதத்தை எடுத்து மேஜையில் இவர் முன்னால் வைத்தேன். "இது என்னங்க?"

இவருக்கு நான் பேசும் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். டர்பனில் பிறந்து வளர்ந்த தமிழர்களில் பெரும்பாலானவர்கள் பேசுவது ஆங்கிலம்தான். நான் கோவில்பட்டியிலிருந்து கல்யாணமாகி இங்கே சாட்ஸ்வொர்த் பகுதிக்கு வந்தவள். அதனால் இவர் சொன்னதை என் தமிழிலேயே எழுதுகிறேன்.

"பிள்ளைக்கு யூனிஃபார்மும் ஷூவும் எடுத்தேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏறிடுச்சு" என்றார். சரி, இவ்வளவுதானே என்று நான் மூச்சு விடுவதற்குள், "இன்னும் இருக்கு" என்றார்.

பிள்ளையின் பழைய கணக்கு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, சொல்லுங்க, எழுதுகிறேன் என்றேன். கிரெடிட் கார்டில் 38,400. அந்தத் துணிக்கடை 11,200. இன்னொரு கடை 6,700. இவர் அண்ணனிடம் வாங்கியது 9,000. பின்சுவர் கட்ட வாங்கிய கடனில் மீதி 52,000. இந்தச் சுவர்க் கடன் ஒன்றுதான் எனக்கு முன்பே தெரிந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மண்ணைத் தாங்கி நின்ற சுவர் சரிந்துவிட்டது. காப்பீட்டுக்காரர்கள் அதை ஏற்கவில்லை. 60,000 ராண்ட், 24 சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்று கடன் வாங்கிக் கட்டினோம்.

கடைசியாக ஒன்றைச் சொல்லும்போது இவர் என்னைப் பார்க்கவில்லை. வேலையிடத்துக்கு வெளியே இருக்கும் ஒரு மஷோனிசாவிடம் 4,000 ராண்ட். மஷோனிசா என்றால் இங்கே கந்துவட்டிக்காரன். மாதம் நூற்றுக்கு முப்பது வட்டி. மூன்று மாதமாக மாதம் 1,200 வட்டி மட்டும் கட்டியிருக்கிறார், அசல் அப்படியே நிற்கிறது. பேங்க் கார்டையும் அதன் ரகசிய எண்ணையும் அவனே வைத்துக்கொண்டிருக்கிறான். சம்பளம் விழுந்ததும் அவன் எடுத்ததுபோக மீதியைத்தான் இவர் எடுக்க வேண்டும்.

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அதோடு ஒரு பயமும் வந்தது, ஏனென்றால் நானும் ஒன்றை மறைத்திருந்தேன். அப்பாவின் மருத்துவச் செலவுக்கு அம்மா ஊரில் என் வளையலை அடகு வைத்து 90,000 ரூபாய் வாங்கியிருந்தார். அதன் வட்டியை இங்கிருந்து நான்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். இங்கத்திய காசில் சுமார் 20,000 ராண்ட். வேலையிடத்துச் சீட்டில் சேரும் பணத்தையும் அதற்காகவே யாருக்கும் சொல்லாமல் ஒதுக்கி வைத்திருந்தேன். அதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதினேன்.

கூட்டினால் 1,41,300 ராண்ட். வீட்டுக் கடன் இதில் சேராது. எங்கள் இரண்டு பேர் கைச்சம்பளமும் சேர்ந்து அப்போது மாதம் 35,500.

ஏன் மறைத்தோம் என்று பிறகு நிறைய யோசித்தேன். என் பக்கம் சுலபமாகப் புரிந்தது: பிறந்த வீட்டுக்குப் பணம் அனுப்புகிறாள் என்ற பேச்சு வரக்கூடாது. இவர் பக்கம் புரியத்தான் நாளானது. இவருடைய ஆயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், உயிரோடிருந்த வரைக்கும் ஒன்று சொல்வாராம்: "கடன்பட்டவன் திரும்பவும் கரும்புக் காட்டுக்குப் போவான்." அது வெறும் பேச்சு இல்லை. இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் இங்கேயே தங்கியவர்கள் மேல் டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் அன்றைய அரசு வருஷத்துக்கு மூன்று பவுண்டு வரி போட்டது. 1895இல் வந்த சட்டம், 1914இல்தான் நீங்கியது. முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங் சம்பளம் பார்த்தவர்களுக்கு மூன்று பவுண்டு, அதாவது அறுபது ஷில்லிங், என்பது ஆறு மாத உழைப்பு. கட்ட வழியில்லாமல் மறுபடியும் ஒப்பந்தக் கூலிக்கே கைநாட்டு வைத்தவர்கள் இந்த ஊர்க் குடும்பங்களில் நிறைய பேர். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவருக்குக் கடன் என்ற சொல்லே வாயில் வராது. கடன் வாங்குவதை அது நிறுத்தவில்லை, சொல்வதை மட்டும்தான் நிறுத்தியது.

மறுநாள் மதிய இடைவேளையில் கடிதத்தின் சட்ட விவரத்தைப் படித்தேன். 129 என்பது வழக்குக்கு முந்தைய எச்சரிக்கை. பத்து வேலை நாளுக்குள் நாம் பேச வேண்டும், அல்லது கடன் ஆலோசகரிடம் போக வேண்டும். தேசியக் கடன் ஒழுங்காணையத்தில் பதிவு பெற்ற ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போனால் எல்லாக் கடனையும் சேர்த்து நம் வருமானத்துக்கு ஏற்ற தவணையாக மாற்றக் கேட்பார்கள். ஆனால் அது முடியும்வரை புதுக் கடன் எதுவும் வாங்க முடியாது. சம்பளமே தவணைக்குப் போதவில்லை என்றால் வெட்கப்படாமல் அங்கே போய்விட வேண்டும், அதுவும் வழக்கு தொடங்குவதற்கு முன்னால். எங்களுக்கு இழுத்துப்பிடித்தால் போதும் என்ற நிலை இருந்ததால் நாங்கள் போகவில்லை. கடைக்கு நானே போன் செய்து பாக்கியை ஆறு மாதத்தில் பிரித்துக் கட்ட ஒப்புக்கொண்டேன். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. இங்கே கல்யாணத்துக்கு முன்னால் நோட்டரியிடம் போய்த் தனி ஒப்பந்தம் எழுதாவிட்டால் கணவன் மனைவி சொத்து இரண்டும் ஒன்று, கடனும் ஒன்று. எங்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. கோயிலில் தாலி கட்டி, பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு வந்துவிட்டோம். இப்படிக் கல்யாணம் செய்தவர்கள் கடன் ஒப்பந்தம் போடத் துணையின் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. கடைப் படிவத்தில் அந்த இடத்தை இவர் நிரப்பாமல் விட்டிருக்கிறார், அவர்களும் கேட்கவில்லை. ஆக, எனக்குத் தெரியாத கடனும் என் கடன்தான்.

முதலில் மஷோனிசா. அதில் எங்களுக்குள் பேச்சே இல்லை. எங்கள் வேலையிடத்தில் எட்டுப் பெண்கள் சேர்ந்து ஸ்டோக்வெல் போடுகிறோம். நம் சீட்டு மாதிரிதான், ஆனால் ஏலம், தள்ளுபடி எதுவும் கிடையாது. தலைக்கு 500, மாதம் ஒருவர் முறை வைத்து முழுசாக எடுப்போம். நான் தவிர மற்ற ஏழு பேரும் ஜூலு இனப் பெண்கள். ஜூலை மாதம் என் முறை, 4,000 ராண்ட். வளையலை மீட்க வைத்திருந்த பணம். அதை எண்ணி இவர் கையில் கொடுத்தேன். அந்த மாத வட்டிக்கு இவர் தன்னுடைய பெரிய தூண்டில் ரீலை விற்றார். துறைமுகப் பக்கம் போய் மீன் பிடிப்பதுதான் இவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு. கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது சட்டப்படியே குற்றம் என்று படித்ததும் சொன்னேன். "தெரியும்" என்றார், "தெரிஞ்சு என்ன செய்ய, வாங்கினது நான்தானே." கார்டு கைக்கு வந்த அன்று சாயங்காலம் நேராக பேங்குக்குப் போய் எண்ணை மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

அடுத்து எதை அடைப்பது என்பதில்தான் சண்டை. வட்டி அதிகமான கடனை முதலில் முடிப்பதே கணக்குப்படி சரி. சுவர்க் கடன் 24 சதவீதம். கடைக் கணக்குகளில் 22 சொச்சம். இவரோ சின்னதான 6,700ஐ முதலில் முடிக்கலாம் என்றார். "ஒரு கோடாவது அடிச்சுப் பார்க்கணும்" என்றார். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வித்தியாசம் சில பத்து ராண்ட்தான் வந்தது. விட்டுக்கொடுத்தேன். அக்டோபரில் அந்த வரியை அவரையே அடிக்கச் சொன்னேன். ரூலர் வைத்து அடித்தார். அந்த முகத்துக்கு அந்தப் பணம் தகும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

செலவு பக்கம் வருகிறேன். வீட்டுக் கடனில் எங்களால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. வாங்கும்போது ரிசர்வ் பேங்க் மற்ற பேங்குகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி 3.5 சதவீதம், எங்கள் தவணை 6,200. 2023 மே மாதம் அது 8.25க்கு ஏறியபோது தவணை 8,600ஐத் தொட்டது. மாதம் 2,400 ராண்ட், நாங்கள் ஒரு தப்பும் செய்யாமலே போனது. கார்டிலும் கடையிலும் ஏறிய கடனில் பாதி இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான்.

மின்சாரத்தில் கை வைத்தோம். எங்களுடையது முன்கட்டண மீட்டர். கீசர் 150 லிட்டர், 3 கிலோவாட். ராத்திரி பகல் என்று எப்போதும் போட்டே இருக்கும். குளிர்ந்த தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 60க்கு ஏற ஒரு தடவைக்குச் சுமார் 7 யூனிட் ஆகும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். மின்பெட்டியில் சின்ன டைமர் மாட்டிக் கொடுத்தார். விடிகாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் ஓடும். கீசருக்கு ஒரு போர்வையும் சுற்றினோம். மாதம் 1,600 போட்ட இடத்தில் 1,150 போதுமானதாக இருந்தது.

சமையலில் நான் ஒன்றைக் கவனித்தேன். கடை ரசீதை வைத்துப் பார்த்தால், அரிசி, காய்ந்த பருப்பு பயறு வகை, பச்சைக் காய்கறி, பழம், பால், முட்டை, சமையல் எண்ணெய், டின் பில்சார்ட் மீன், பிரவுன் ரொட்டி, இதற்கெல்லாம் வரி பூஜ்யம். மற்றவற்றில் பெரும்பாலானதற்கு 15 சதவீதம். அதாவது என் அத்தை, இவரைப் பெற்றவர், முன்பெல்லாம் சமைத்த பழைய சமையலுக்கு வரியே இல்லை. சுகர் பீன்ஸ் குழம்பு, டின் மீன் குழம்பு, பருப்பு, முட்டை. அத்தை வைத்த முருங்கையும் கறிவேப்பிலையும் இன்னும் கொல்லையில் நிற்கின்றன. ஒரு வாரம் பூராவும் அப்படிச் சமைத்துப் பார்த்தேன். இவர் மூன்றாம் நாள், "அம்மா வச்ச மாதிரியே இருக்கு" என்றார். காய் மட்டும் சனிக்கிழமை சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில், கடை கட்டும் நேரத்தில். காலையில் விற்ற விலையில் பாதிக்குப் பை நிறைய அள்ளிப் போடுவார்கள். அந்த வருஷம் புரட்டாசி வந்தது நல்லதாகப் போயிற்று. இங்கே நிறையத் தமிழ் வீடுகளில் அந்த மாதம் முழுக்கக் கவிச்சியே கிடையாது. எங்களுக்கு மட்டன் கோழிச் செலவில் 1,400 மிஞ்சியது. மாதம் முடிந்த பிறகும் கவிச்சி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டோம். சின்னத் தூண்டிலை விற்கவில்லை, ஷாட் மீன் கிடைத்தால் அது கணக்கில் வராத வரவு.

சின்ன விஷயம் ஒன்று, கடன் உள்ள எல்லோரும் பார்க்க வேண்டியது. சுவர்க் கடனோடு மாதாமாதம் ஆயுள் காப்பீடு என்று 234 ராண்ட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆயிரத்துக்கு 4.50 வரை பிடிக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் நம்மிடம் ஏற்கெனவே பாலிசி இருந்தால் இதற்குப் பதிலாக அதையே கொடுக்கலாம் என்பதும் சட்டம். இவரிடம் பழைய பாலிசி இருந்தது. இரண்டு கடிதம், நாலு போன், அந்த 234 நின்றது. அதையும் சேர்த்து அசலில் கட்டினோம். இந்த மாதிரிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது.

மாதம் 25ஆம் தேதி சம்பளம். அன்று ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு பேர் போனும் மேஜை மேல், பேங்க் கணக்கு திறந்தபடி. டீ இவர் போடுவார். ஆரம்பத்தில் ஒவ்வொரு செலவுக்கும் நான் ஏன் ஏன் என்று கேட்டேன், இவர் வாய் மூடிக்கொண்டார். நாலாவது மாதம் அத்தைதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கண்ணு, கணக்குப் பாரு, விசாரணை பண்ணாதே" என்றார். அப்புறம் ஒரு ஏற்பாடு செய்தோம். தலைக்கு 300 ராண்ட், என்ன செலவு என்று மற்றவர் கேட்கக்கூடாது. அதன் பிறகுதான் இவர் தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

2024 டிசம்பரில் போனஸ் வந்ததும் கார்டை முடித்துக் கத்தரித்தோம். அண்ணன் பணத்தை அதற்கு முன்பே கொடுத்துவிட்டோம், வேண்டாம் என்றார், வைத்துவிட்டு வந்தோம். அந்த செப்டம்பரிலிருந்து ரெப்போ வட்டி இறங்கத் தொடங்கி வீட்டுத் தவணை குறைந்ததல்லவா, குறைந்ததைக் கையில் எடுக்காமல் சுவர்க் கடனில் போட்டோம். வளையலை மீட்டதும் அம்மா வீடியோவில் வந்து கையில் போட்டுக் காட்டினார். எனக்குப் பேச்சு வரவில்லை. இவர்தான் போனை வாங்கி, தன்னுடைய தமிழில், "அம்மா, நல்லா இருக்கு, நீங்களே போட்டுக்கோங்க" என்றார்.

போன வாரம் பிள்ளை அலமாரியைக் கிளறி அந்த நோட்டை எடுத்து வந்தாள். கடைசிப் பக்கத்தைக் காட்டி, "எல்லாத்தையும் அடிச்சிருக்கீங்க, இது ஒண்ணை மட்டும் ஏன் அடிக்கலை?" என்று கேட்டாள்.

இன்னும் 14,300 பாக்கி. இவர் அவளைத் தூக்கிக்கொண்டு பின்கதவைத் திறந்து, வெளியே சுவரைக் காட்டினார்.