சும்மா படுத்திருக்கையில் உடல் எரிப்பது எவ்வளவு: அளவீட்டு நாட்குறிப்பு

3 மார்ச் 2025, திங்கள்

மூச்சில் செலவாகும் ஆக்சிஜனையும் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடையும் அளந்து, உடல் எரிக்கும் கலோரியைக் கணக்கிடும் கருவி. ஆளைப் படுக்க வைக்குமுன் அதற்கு எத்தனால் சோதனை. ஹூடுக்குள் (படுத்திருப்பவர் தலையை மூடும் கவிகை) சின்ன எத்தனால் விளக்கு. 1 கிராம் எத்தனால் எரிய 1.46 லிட்டர் ஆக்சிஜன் போகும், 0.97 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வரும், விகிதம் (கார்பன் டை ஆக்சைடு ÷ ஆக்சிஜன்) 0.667. திரையிலோ 0.62. கசிவாக இருந்தால் இரண்டு வாயுவும் சேர்ந்தே குறையும், விகிதம் நகராது. ஈரம் உறிஞ்சும் குழாயைக் கழற்றினால், நீலமாக இருக்க வேண்டிய மணிகள் முக்கால்வாசி ரோஜா நிறம். உறிஞ்சப்படாத நீராவி ஆக்சிஜன் சதவீதத்தை நீர்க்கச் செய்கிறது. கருவி அதையும் செலவான ஆக்சிஜனாக எண்ணிவிடுகிறது. புது மணி போட்டதும் 0.67.

4 மார்ச், செவ்வாய்

40 வயதுப் பெண், 155 செ.மீ., 60 கிலோ. முந்தின இரவு 8 மணிக்குப் பிறகு தண்ணீர் மட்டும். காலை காபிகூட இல்லை. காபி குடித்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவதே நல்லது. 30 நிமிடம் மல்லாந்து படுத்தபின் ஹூட். முதல் 5 நிமிடம் கணக்கில் இல்லை. நிமிடத்துக்கு ஆக்சிஜன் 165 மி.லி., கார்பன் டை ஆக்சைடு 135. வியர் 1949இல் தந்த சூத்திரப்படி:

(0.165 × 3.941 + 0.135 × 1.106) × 1,440 = ஒரு நாளைக்கு 1,151 கிலோகலோரி.

5 மார்ச், புதன்

மூச்சை அளக்காமல் எடை போன்றவற்றை வைத்தே மதிப்பிடும் சூத்திரங்களும் உண்டு. அதே பெண்ணுக்கு ஷோஃபீல்டு சூத்திரம் (8.126 × எடை + 845.6) 1,333 காட்டுகிறது. 182 கூடுதல்! அந்தச் சூத்திரத்துக்கு அளக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இத்தாலியர்கள். மிஃப்லின் சூத்திரம் 1,208, பரவாயில்லை. 1,333ஐ நம்பி டயட் சார்ட் எழுதிவிட்டு, எடை இறங்காதபோது “ஒளித்துச் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்பது பெரிய அநியாயம்.

6 மார்ச், வியாழன்

உறுப்பின் ஒவ்வொரு கிலோவும் ஓய்வில் ஒரு நாளைக்கு எரிப்பது: இதயமும் சிறுநீரகமும் 440 கிலோகலோரி, மூளை 240, கல்லீரல் 200. ஓய்விலிருக்கும் தசை வெறும் 13, கொழுப்பு 4.5. 3 கிலோ தசை ஏற்றினாலும் படுக்கையில் கூடுவது 39தான். தசைக்கு வேறு நன்மைகள் நிறைய உண்டு. இது அதில் சேராது.

7 மார்ச், வெள்ளி

வெறும் வயிற்றில் வந்த இளைஞருக்கு விகிதம் 1.08. ஹூடுக்குள் பயந்து வேகவேகமாக மூச்சுவிட்டதில், இரத்தத்தில் தேங்கியிருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியே கொட்டுகிறது. எரிந்து வந்தது அல்ல. இந்த எண்ணைச் சூத்திரத்தில் போடக் கூடாது. ஹூடைத் தூக்கி, அறை விளக்கை மங்கலாக்கி, 20 நிமிடம் கழித்து மறுபடி: 0.84. நடுவில் கண்ணயர்ந்தார், தூக்கத்தில் செலவு இறங்கும் என்பதால் அந்த 4 நிமிடங்களையும் நீக்கினோம்.