எந்தக் கிளையை வெட்டுகிறார்கள் என்பதில் இருக்கிறது எல்லாம்

அமெரிக்காவில் ஹெம்ப் (நாருக்கும் விதைக்கும் வளர்க்கும், போதை தராத கஞ்சாச் செடி வகை) போட உரிமம் வாங்குவது பெரிய பாடில்லை. நிலம் எங்கே என்று சொல்ல வேண்டும், கடந்த 10 வருடத்தில் போதைப்பொருள் வழக்கில் பெருங்குற்றத் தண்டனை இல்லை என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். அறுவடைக்கு முன்னால் வரும் சோதனைதான் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

2018 பண்ணைச் சட்டப்படி, காய்ந்த எடையில் டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் பொருள்) 0.3 சதவீதத்தைத் தாண்டினால் அது ஹெம்ப் இல்லை, கஞ்சா. இந்த 0.3 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1976-ல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் குரோன்குவிஸ்ட் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் செடிகளை வகை பிரிக்கப் போட்ட கோடு. போதை ஏறுமா ஏறாதா என்று பார்த்துப் போட்டதில்லை. அதை வைத்து இன்று ஒரு குடும்பத்தின் ஒரு வருட உழைப்பையே அழிக்கச் சொல்ல முடிகிறது.

மாதிரியை, பூத்த செடியின் உச்சியில் ஐந்து முதல் எட்டு அங்குலம் வெட்டி எடுக்கிறார்கள். டி.எச்.சி. அதிகம் சேர்வதே அந்தப் பூவில்தான், தண்டில் பேருக்குத்தான் இருக்கும். போதாததற்கு, சூடுபட்டால் டி.எச்.சி.யாக மாறும் அமிலத்தையும் 0.877-ஆல் பெருக்கிக் கூட்டுகிறார்கள். நான் சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன், எங்களுக்கு வருவது தண்ணீர் மாதிரிகள்தான், ஆனாலும் சொல்கிறேன், எங்கிருந்து எடுத்தோம் என்பதிலேயே பாதி முடிவு வந்துவிடும்.

2021-ல் அமெரிக்க வேளாண் துறை கொண்டுவந்த இறுதி விதி கொஞ்சம் மனசாட்சியோடு எழுதப்பட்டது. மாதிரி எடுத்தபின் அறுவடைக்கு 15 நாள் கெடு இருந்ததை 30 ஆக்கினார்கள். அளவீட்டில் வரும் பிழை வரம்பையும் கணக்கில் எடுக்கிறார்கள். நியாயமாக முயன்றவரின் பயிர் 1 சதவீதத்துக்குள் இருந்தால் அலட்சியக் குற்றம் கிடையாது, ஆனால் 0.3-ஐத் தாண்டிய பயிரை அப்படியே விற்க முடியாது. பூவை நீக்கலாம், அல்லது செடி முழுவதையும் அரைத்து மறுபடி சோதிக்கலாம்.

ஊரில் நிலம் சும்மா கிடக்கிறதே, ஹெம்ப் போடலாமா என்று இங்கே தேக்காவில் ஒரு அண்ணன் கேட்டார். இந்தியாவில் மாநில அரசு அனுமதி கொடுத்தால்தான் உண்டு, 2018-ல் முதலில் கொடுத்தது உத்தராகண்ட். சிங்கப்பூரிலோ ஹெம்ப், கஞ்சா என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. வளர்த்தால் 20 வருடம் வரை சிறை, 40,000 வெள்ளி வரை அபராதம், இரண்டும்கூட விழலாம். தொட்டியில் ஒரு விதைகூட வேண்டாம் அண்ணே என்றேன்.

அமெரிக்காவிலும் நாருக்கும் விதைக்கும் வளர்ப்பவர்களிடம் பூவை வெட்டிச் சோதிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மாதிரி எடுக்க வேறு முறை வகுத்துக்கொள்ள மாநிலங்களுக்கு விதியில் இடம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தி முழுச் செடியையும் சோதிக்கட்டும்.