பெங்களூர் செயின்ட் ஜோசப்ஸ்: சேர்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

பிளஸ் டூ முடிவு வந்ததும் ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் பெங்களூர் பேச்சு தொடங்கிவிடும். "ஃபாதர்கள் நடத்துற காலேஜுங்க, கண்டிப்பா இருப்பாங்க" என்பது வழக்கமான சிபாரிசு. எந்த ஃபாதர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கிரைஸ்ட் பல்கலைக்கழகம் கேரளத்தில் தோன்றிய சி.எம்.ஐ. என்ற கத்தோலிக்கத் துறவற சபையுடையது. செயின்ட் ஜோசப்ஸ் பல்கலைக்கழகம்தான் இயேசு சபையுடையது, அதாவது ஜெசூட் துறவிகளுடையது. பெயரை மட்டும் நம்பாதீர்கள். செயின்ட் ஜோசப், லொயோலா, சேவியர் என்று பலகை வைத்த எல்லாக் கல்லூரிகளும் இயேசு சபையைச் சேர்ந்தவை அல்ல. நிர்வாகிகளின் பெயருக்குப் பின்னால் 'சே.ச.' (சேசு சபை) அல்லது அதன் ஆங்கிலச் சுருக்கமான 'எஸ்.ஜே.' இருக்கிறதா என்று பாருங்கள்.

செயின்ட் ஜோசப்ஸையும் இயேசு சபையினர் தொடங்கவில்லை. 1882-இல் தொடங்கியவர்கள் பிரான்சின் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையினர். இதில் நம் ஊர்க் கதையும் கலந்திருக்கிறது. 1623-இல் மதுரையிலிருந்து புறப்பட்ட ராபர்ட் தெ நோபிலி, சேந்தமங்கலம், சேலம் வரை வந்த இயேசு சபைத் துறவி. 1773-இல் போப்பாண்டவர் அந்தச் சபையையே கலைத்துவிட்டதால், இந்தப் பகுதிப் பணி பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. 1814-இல் சபைக்கு மறுபடி உயிர் வந்தது. 1830-களின் இறுதியில் அவர்கள் மதுரைக்குத் திரும்பினார்கள். ஆனால் கோவையும், பெங்களூர் அடங்கிய மைசூரும் புதுச்சேரியின் பிரெஞ்சுப் பாதிரிமார்களிடமே இருந்தன. 1850-இல் இவ்விரண்டையும் ஒரே சமயத்தில் தனித்தனி மறைப்பகுதிகளாக, அதாவது திருச்சபையின் நிர்வாகப் பகுதிகளாக, பிரித்தார்கள்.

அதனால் இயேசு சபையின் பெரிய கல்லூரிகள் மதுரை மிஷன் பக்கம் வளர்ந்தன. 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு மாறிய செயின்ட் ஜோசப் கல்லூரியும், 1923-இல் எழுந்த பாளையங்கோட்டை சேவியர் கல்லூரியும் அப்படி வந்தவை. கோவையில் அப்படி ஒன்று அமையவில்லை. பெங்களூர்க் கல்லூரியையோ பிரெஞ்சுக்காரர்கள் 1937-இல் இயேசு சபையிடம் ஒப்படைத்தார்கள். கொங்கில் இன்றும் அவர்களுக்குப் பல்கலைக்கழகம் கிடையாது. நாமக்கல் மாவட்டம் மெட்டாலாவில் ஒரு லொயோலா கல்லூரி மட்டும் உண்டு.

குணம் என்று பார்த்தால், வித்தியாசம் நிர்வாகத்தில் இருக்கிறது. நம் பக்கக் கல்லூரிகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு மில் குடும்பமோ சமூக அறக்கட்டளையோ இருக்கும். பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நால்வரும் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கில் 1926-இல் அறநிலையம் அமைத்தது ஊரறிந்த கதை. அங்கே குடும்பத்தின் பெயரும் பொறுப்பும் தலைமுறையாகத் தொடரும். இயேசு சபையில் வாரிசு கிடையாது. சபையின் வட்டாரத் தலைவர் எழுதும் ஒரு கடிதத்தில் முதல்வர் வேறு ஊருக்கு மாறிப்போவார். துறவியான பேராசிரியரின் சம்பளம் சபைக்கே போகும். அந்தப் பணத்துக்கு வரிப்பிடித்தம் வேண்டாம் என்று துறவிகள் பலர் நடத்திய வழக்கில், பிடித்தம் செய்யத்தான் வேண்டும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது.

இந்த இடமாற்ற முறைக்கு ஒரு குறையும் உண்டு. ஒருவர் ஆர்வமாகத் தொடங்கிய திட்டம் அவர் மாறியதும் சோர்ந்துபோகலாம். ஆனால் பாடமுறை ஆளை நம்பி இல்லை. 1599-இல் ரோமில் வெளியான சபையின் கல்வித் திட்டத்தில் வகுப்புப் படிநிலை, அன்றாட மீள்பார்வை, மாணவர் வாதம் என்று எல்லாம் எழுத்தில் இருக்கிறது. கட்டணம் வாங்கக் கூடாது என்ற பழைய விதியைத் தளர்த்தி, அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விலக்குக் கொடுத்ததே 1833-இல்தான். இன்றைய கட்டணத்தைப் பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

செயின்ட் ஜோசப்ஸ் 2005-இல் தன்னாட்சி பெற்றது. 2022-இல் கர்நாடகச் சட்டத்தின்படி பல்கலைக்கழகமானது. தன்னாட்சிக் கல்லூரி பாடத்திட்டமும் தேர்வும் தானே நடத்தலாம். பட்டத்தைத் தருவது தாய்ப் பல்கலைக்கழகம். பல்கலைக்கழகம் ஆகிவிட்டால் பட்டமும் அதன் பெயரிலேயே வரும். ஆகவே அண்ணனின் பழைய சான்றிதழை வைத்துத் தம்பியுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணாதீர்கள்.

அடிக்கடி நடக்கும் குழப்பம் பி.காம். விஷயத்தில். பிரிகேட் ரோட்டில் உள்ள செயின்ட் ஜோசப்ஸ் காலேஜ் ஆஃப் காமர்ஸ் அதே சபையுடையதுதான், ஆனால் தனி நிறுவனம். பல்கலைக்கழக வளாகம் லாங்ஃபோர்டு ரோட்டில். விண்ணப்பம் வேறு, தேர்வு வேறு, பட்டம் வேறு. இணையதள முகவரியைப் பார்த்துப் பணம் கட்டுங்கள். மொழிப் பாடமாகத் தமிழ் எடுக்க முடியுமா என்பதை அந்தந்த ஆண்டுக்கு, அந்தந்தப் படிப்புக்கு, சேர்க்கை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். சேர்ந்த பிறகு மொழியை மாற்றுவது பெரும்பாடு.