புள்ளியைக் கொடுக்கலாமா?

"மருத்துவமனையோட ஜிபிஎஸ் புள்ளியைச் சண்டை போடுறவங்ககிட்டயே கொடுக்கணும்னு சொல்றீங்க சார். அது நம்மளைக் காப்பாத்துமா, காட்டிக்கொடுக்குமா?"

வெளிநாட்டுப் பணிக்குக் கிளம்பவிருந்த சிஸ்டர் ஒருவர் கேட்டது. போர்ச் சட்ட வகுப்பில் எனக்குச் சுலபமான பாடமே இதுதான். மருத்துவமனையைத் தாக்கக் கூடாது. உள்ளிருந்து எதிரிக்குக் கேடு செய்தால்தான் பாதுகாப்பு போகும், அப்போதும் முதலில் எச்சரிக்க வேண்டும். காயம்பட்ட போராளிக்குக் கட்டுப் போடுவது கேடு செய்வதாகாது. அதனால் உடனே "கொடுங்க" என்றேன்.

"குந்தூஸ்ல கொடுத்திருந்தாங்களே சார்" என்றார்.

கொடுத்திருந்தார்கள்தான். ஆப்கானிஸ்தானின் குந்தூஸில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, தன் மருத்துவமனைப் புள்ளியைக் கடைசியாக 2015 செப்டம்பர் 29 அன்று எல்லாத் தரப்புக்கும் அனுப்பியது. அக்டோபர் 3 அதிகாலை, அமெரிக்காவின் ஏசி-130 விமானம் அதே கட்டடத்தைச் சுட்டுத் தள்ளியது. 42 பேர் இறந்தார்கள். தாக்கக் கூடாத இடங்களின் பட்டியலில் அந்த மருத்துவமனை இருந்தது; அவசரமாகக் கிளம்பிய விமானத்தில் பட்டியல் ஏற்றப்படவில்லை. தேடிப்போனது வேறொரு கட்டடம். தரப்பட்ட எண்கள் வெற்றுவெளியைக் காட்டவே, சொன்ன அடையாளத்துக்கு ஒத்துவருகிறது என்று இதை இலக்காக்கிவிட்டார்கள். சுடும் முன் புள்ளியைத் தலைமையகத்துக்கும் சொன்னார்கள். அது பட்டியலில் உள்ள இடம் என்பது அங்கேயும் யாருக்கும் உறைக்கவில்லை. இதெல்லாம் அமெரிக்க ராணுவத்தின் சொந்த விசாரணையே சொன்னது.

ஆக, கொடுத்ததால் அடி விழவில்லை, பார்க்காததால்தான் விழுந்தது என்றேன். கொடுத்திருந்ததால்தான் 'அந்த இடமே தெரியாது' என்று யாராலும் சொல்ல முடியவில்லை, 16 பேர் மீது நடவடிக்கையும் வந்தது என்றேன்.

"செத்தவங்களுக்கு அது எதுக்கு சார்?"

இதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. அடுத்த மருத்துவமனைக்காக என்று சொல்லலாம். அன்று அது வாயில் வரவில்லை, வந்திருந்தாலும் அவரிடம் எடுபட்டிருக்காது. வேண்டுமென்று செய்யாததால் போர்க்குற்றம் இல்லை என்று அந்த விசாரணை முடித்ததை என்னாலேயே இன்னும் ஏற்க முடியவில்லை. சிரியாவில் ஐ.நா. வழியாகப் புள்ளி கொடுத்த மருத்துவமனைகளும் தாக்கப்பட்டன. கொடுக்க மறுத்த டாக்டர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் யாருமே கொடுக்காவிட்டால், பார்க்கும் எண்ணம் உள்ளவன் எதைப் பார்ப்பான்?

இப்போதும் கொடுங்க என்றுதான் சொல்கிறேன். அப்புறம், கொடுக்காவிட்டாலும் சட்டப் பாதுகாப்பு குறையாது, அங்கே இருக்கப்போகிறவர்கள் நிலவரம் பார்த்து முடிவெடுங்கள் என்றும் சேர்க்கிறேன். அவர்களை மதித்து அப்படிச் சொல்கிறேனா, பொறுப்பை அவர்கள் தலையில் கட்டுகிறேனா, எனக்கே பிடிபடவில்லை.