கேரட் மூட்டைக்கு யார் பொறுப்பு?

போன ஐப்பசி மழையில் குஞ்சப்பனை அருகே என் பிக்கப் ஓடைப் பக்கமாகச் சாய்ந்தது. கோத்தகிரியில் கழுவி ஏற்றிய கேரட், மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகவேண்டியது, சேற்றில் சிதறிக் கிடந்தது. டிரைவருக்குச் சிராய்ப்போடு போயிற்று. 'ஃபுல் இன்சூரன்ஸ்' இருக்கிறதே என்று தெம்பாக இருந்தேன். சர்வேயர் பம்பரையும் கேபினையும் படமெடுத்தார். மூட்டைகளைக் காட்டினேன். "இது வண்டிக்கு மட்டும்தாண்ணா" என்றார்.

சரக்குக்குத் தனி பாலிசியாம். அதற்குப் பெயர் மரைன்! மலையில் ஓடும் வண்டிக்குக் கடல் பெயர். அதைச் சரக்குக்காரர் எடுப்பது வழக்கம். எங்கள் ஊர் விவசாயி எங்கே எடுக்கப் போகிறார்? 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டமோ பொறுப்பை ஏற்றிச் செல்பவன் தலையில்தான் வைக்கிறது. அந்தப் பொறுப்புக்கென்றே கேரியர்ஸ் லயபிலிட்டி பாலிசி உண்டு. இப்போது எடுத்துவிட்டேன். கேரட்டுக்காரருக்கு இன்னும் ஒரு தவணை பாக்கி.