சட்டைப் பையில் இருந்தவை

காலாட்படைக் கம்பெனி ஒன்றில் மருத்துவ உதவியாளனாகப் பல ஆண்டுகள் இருந்தேன். அடிபட்டு வருகிறவனின் சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் காயத்தைத் தேடுவதுதான் முதல் வேலை. அப்போது பையில் இருப்பதெல்லாம் கைக்கு வரும். இரத்தத்தில் ஊறிய ஜெபப் புத்தகம், மந்திரித்த கயிறு, மகள் கிரேயானில் வரைந்த வீடு. சிலரிடம் ஒன்றுமே இருக்காது. ஆனால் நினைவு திரும்பியதும் அநேகமாக எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "பக்கத்தில் இருந்தவனுக்கு என்ன ஆயிற்று?"

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்களிடம் சமூகவியலாளர் சாமுவேல் ஸ்டௌஃபர் குழுவினர் நடத்திய ஆய்வு 1949இல் வெளிவந்தது. சண்டை முற்றியபோது எது கைகொடுத்தது என்ற கேள்விக்குப் பிரார்த்தனையைச் சொன்னவர்களே அதிகம். கூட இருப்பவர்களைக் கைவிடக் கூடாது என்ற எண்ணமும் முன்வரிசையில் இருந்தது. எதற்காகப் போரிடுகிறோம் என்ற நினைப்போ பின்தங்கிவிட்டது. படித்தபோது எனக்கு வியப்பில்லை.

மத நம்பிக்கை கொல்லும் வெறியைத் தரும் என்பவர்களிடம் டெஸ்மண்ட் டாஸைப் பற்றிச் சொல்வேன். அமெரிக்கப் படையில் அவரும் மருத்துவ உதவியாளர்தான். ஆயுதத்தைத் தொட அவருடைய நம்பிக்கை இடம் கொடுக்கவில்லை. 1945இல் ஜப்பானின் ஒகினாவா தீவில், குண்டுமழைக்கு நடுவே, செங்குத்துப் பாறையின் மேலிருந்து சுமார் 75 பேரை ஒவ்வொருவராகக் கயிற்றில் கட்டி இறக்கினார். அந்தத் துணிச்சலும் பக்தியிலிருந்து வந்ததே.

கம்பெனியின் உட்பிரிவான எங்கள் பிளாட்டூனில் கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவன் இருந்தான். ரோந்துக்குக் கிளம்பும் முன் மற்றவர்கள் கூடி வணங்குவார்கள். அவன் வெளியே அவர்களுடைய துப்பாக்கிகளுக்குக் காவல் நிற்பான். "நீங்கள் நிம்மதியாகக் கும்பிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பான். ஒருநாள் இரவு, கையில் கயிறு கட்டிய நண்பனை அவன்தான் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். அந்த நேரத்தில் இருவருக்கும் நான் எந்த வேற்றுமையும் காணவில்லை.

வேற்றுமை பிறகுதான் தெரிந்தது. கயிறு கட்டியவன் அந்த இரவின் பாரத்தைத் தன் கடவுளிடம் இறக்கி வைத்தான், அழுதான், தூங்கினான். மற்றவனுக்கு அப்படி இறக்கி வைக்க இடமில்லை. நியாயம் என்று நம்பித்தான் படையில் சேர்ந்தவன். அதனால் நடந்தது ஒவ்வொன்றும் நியாயமா என்று அவனே விசாரித்துத் தீர வேண்டியிருந்தது. இப்படிப்பட்டவனுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உத்தரவிட்டவர்களுக்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். மேலிருந்து யாரும் வரவில்லை.

மூன்றாவது வாரம், நான் கட்டுத்துணிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது வந்து எதிரே உட்கார்ந்தான். "அன்றைக்கு நாம் செய்தது சரிதானா, அண்ணா?" என்றான். துணியைக் கீழே வைத்தேன். விடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.